கேட்டால் சொல்வேன்: பேஸ்போல் அணிக்கு ஒரு பொது முகாமையாளர்

2025 நவம்பர் 2ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கொழும்பில் காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கிய ஓர் ஆட்டம் இந்தப் பக்கத்தின் தபாற்பையையே புரட்டிப் போட்டுவிட்டது. அமெரிக்க பேஸ்போல் உலகத் தொடரின் ஏழாவதும் இறுதியுமான ஆட்டம் அது. டொரொண்டோ புளூ ஜேஸ் அணி வழக்கமான ஒன்பதைத் தாண்டி 11 இன்னிங்ஸ் வரை இழுத்துக்கொண்டு போய், லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸிடம் 5-4 என்று தோற்றது. ஸ்காபரோவில் அண்ணனோ தங்கையோ இல்லாத வீடு வெள்ளவத்தையில் ஏது? அங்கே விழுந்த அடி இங்கே வலித்தது. வழக்கமாக மூட்டுவலிக்கும் காணி உறுதிக்கும் என்னிடம் வழி கேட்பவர்கள், பேஸ்போல் அணியின் பொது முகாமையாளர் என்பவர் யார், அந்த நாற்காலிக்கு எப்படி வருகிறார், ஏன் துரத்தப்படுகிறார் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

தேயிலைத் தரகர் கம்பனியில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சிலர் நினைக்கலாம். என் மருமகன் டொரொண்டோவில் இருக்கிறான். அவனோடு சரிக்குச் சரி வாதாட வேண்டும் என்பதற்காகவே இந்த விளையாட்டைக் கற்றேன். மூட்டுவலிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள்க.

ஐயா, என் மகன் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். கனடாவிலுள்ள என் அண்ணன் மகனோடு சேர்ந்து பேஸ்போல் பார்த்துப் பழகியவன், இப்போது அணியொன்றின் பொது முகாமையாளராக வரப்போவதாகச் சொல்கிறான். அவனுடைய அப்பா மொறட்டுவையில் பொறியியல் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். இப்படி ஒரு தொழில் உண்மையிலேயே இருக்கிறதா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

இருக்கிறது அம்மா. ஆனால் அமெரிக்காவின் பெரிய லீக்கில் 30 அணிகள்தான். ஆகவே நாற்காலிகளும் 30தான். மொறட்டுவையில் ஒரே துறைக்கு ஒரு வருடத்தில் எடுக்கும் பிள்ளைகள் இதைவிட அதிகம். உங்கள் கணவரிடம் இதைச் சொல்ல வேண்டாம். அவருக்குக் கையில் ஆயுதம் கொடுத்ததாகிவிடும்.

தொலைக்காட்சியில் அணியின் சீருடையோடு வாங்கில் உட்கார்ந்து, பந்தெறிபவரை மாற்றுவதற்காக மைதானத்துக்குள் நடந்து போகிறாரே, அவர் முகாமையாளர். பொது முகாமையாளர் வேறு ஆள். அவர் சாதாரண சட்டையோடு மேல்மாடியில் இருப்பார். இன்றைக்கு யார் ஆடுவது என்பது கீழே இருப்பவரின் தீர்மானம். அணியில் யார் இருப்பது, எவ்வளவு சம்பளத்துக்கு, எத்தனை வருடத்துக்கு என்பது மேலே இருப்பவருடையது. நமது கிரிக்கெட்டில் தெரிவுக் குழு, ஒப்பந்தம் எழுதுபவர், பாடசாலை வீரர்களைத் தேடிப் போகிறவர், உடற்பயிற்சிப் பிரிவு என்று பலரிடம் பிரிந்து கிடப்பவற்றை ஒரே ஆளின் மேசையில் குவித்தால் அதுதான் அவருடைய வேலை.

உங்கள் மகன் அழுதிருக்கக்கூடிய அந்த ஞாயிறு காலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் டொரொண்டோ 4-3 என்று முன்னிலையில் நிற்கிறது. இன்னும் இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தால் கிண்ணம். அப்போது மிகேல் ரோஹாஸ் என்ற, துடுப்பை விடக் களத்தடுப்புக்குப் பேர்போன மூத்த வீரர் ஹோம் ரன் (நமது கிரிக்கெட்டின் ஆறு போல, பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடுவது) அடித்துச் சமநிலையாக்கினார். அவர் டொட்ஜர்ஸுக்கு வந்த கதை என்ன? 2023 ஜனவரியில் மியாமி மார்லின்ஸ் அவரைக் கொடுத்து, பதிலுக்கு இன்னும் பெயரெடுக்காத ஓர் இளைஞரை வாங்கியது. பத்திரிகையில் ஒரு மூலையில் வந்து மறந்துபோன செய்தி. உங்கள் மகன் ஆசைப்படும் வேலை அந்த ஜனவரி மாதத்துக் காகிதத்தில் கையெழுத்திடுவது. ஹோம் ரன்னுக்குக் கைதட்டுவது எல்லாரும் செய்வது.

டொரொண்டோவின் இன்றைய பொது முகாமையாளர் ரொஸ் அட்கின்ஸ் 2015 டிசம்பரில் பதவிக்கு வந்தவர். அந்த இரண்டு பேர் தூரத்துக்கு அணியைக் கொண்டுவர அவருக்குப் பத்து வருடம் எடுத்தது.

கணிதம் படித்த பிள்ளை என்பது தடையில்லை, உதவிதான். கல்லோயா வெள்ளம்போல் இலக்கங்கள் வந்து கொட்டும் தொழில் இப்போது அது. அப்பாவும் மகனும் சண்டை பிடிக்க இதில் ஒன்றுமில்லை. மொறட்டுவை கிடைத்தால் போகட்டும்.

தினமும் அவர் என்னதான் செய்கிறார்? வீரர்களை வாங்கி விற்பது ஒரு தொழிலா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

நான் இருந்த கம்பனியில் தேயிலை சுவைப்பவர்கள் காலையில் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, ஒரு மிடறு உறிஞ்சி, துப்பி, அடுத்த கோப்பைக்குப் போவார்கள். அந்தத் தோட்டத்தில் எப்போது மழை பெய்தது, ஆலையில் எந்த இயந்திரம் பழுது என்பதைக்கூட நாக்கு சொல்லிவிடும். அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, போன ஏலத்தில் அதே தோட்டத்துத் தேயிலை என்ன விலைக்குப் போனது என்று பட்டியலைப் புரட்டுவது என்னைப் போன்றவர்களின் வேலை. நாக்கு ஒரு விலை சொல்லும், பட்டியல் ஒரு விலை சொல்லும். இரண்டுக்கும் நடுவில் நின்று இந்த விலைக்கு மேல் போகாதே என்று சொல்ல ஒருவர் வேண்டும். பேஸ்போலில் நாக்கு என்பது ஊர் ஊராகப் போய்ப் பையன்களின் ஆட்டத்தைப் பார்க்கும் ஸ்கவுட். பட்டியல் என்பது புள்ளிவிவரப் பிரிவு. நடுவில் நிற்பவர் பொது முகாமையாளர்.

ஒரு காட்சியைச் சொன்னால் விளங்கும். டொரொண்டோவை முதன்முதலில் கிண்ணம் வரை கொண்டுபோன பட் கிலிக், 1978இலிருந்து 1994 வரை அங்கே பொது முகாமையாளர். அணி 1977இல்தான் பிறந்தது. முதல் மூன்று வருடமும் வருடத்துக்கு நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்றது. கையில் பணமும் குறைவு, வீரர்களும் குறைவு. பேஸ்போலில் 'ஐந்தாம் விதி' என்று ஒன்று உண்டு. திறமையான இளைஞர்களைக் கீழ்மட்ட லீக்கில் வருடக்கணக்காகப் பூட்டிவைத்துக்கொண்டு ஓர் அணி சும்மா இருக்க முடியாது. 40 பேர் கொண்ட பாதுகாப்புப் பட்டியலில் ஒருவரை எழுதாமல் விட்டால், குறித்த காலம் கடந்ததும் டிசம்பரில் வேறோர் அணி சிறுதொகை கட்டி அவரைத் தூக்கிக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்றுதான்: அடுத்த பருவம் முழுவதும் அவரைப் பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய அணிக்கே திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும்.

1980இல் பிலடெல்பியா அணி, டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த ஜோர்ஜ் பெல் என்ற இளைஞரை அந்தப் பட்டியலில் எழுதாமல் விட்டது. அந்த வருடம் காயத்தால் அவர் அதிகம் ஆடவில்லை. ஆடாதவனை யார் பார்த்திருப்பார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. கிலிக்கின் ஆட்கள் கரீபியன் தீவுகளைச் சல்லடை போட்டுக்கொண்டிருந்தவர்கள். டிசம்பரில் டொரொண்டோ அவரை எடுத்தது. 1981 முழுவதும் பெரிய அணியின் ஓர் இடத்தை அந்தப் பச்சைப்பிள்ளைக்காக ஒதுக்கிப் பொறுத்துக்கொண்டது. 1987இல் பெல் 47 ஹோம் ரன் அடித்து, பெரிய லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருதை வாங்கினார். கெலி குரூபர் என்ற இன்னொரு நட்சத்திரமும் இதே வாசலால்தான் டொரொண்டோவுக்கு வந்தார். மற்றவர்கள் சலித்துப்போய்ப் பார்க்காமல் விட்ட பட்டியலைக் கடைசி வரி வரை வாசித்ததன் பலன் அது.

மிச்ச வேலைகள்: ஜூலையில் புதுமுகத் தெரிவு, அதே மாத இறுதியையொட்டி வீரர்களைக் கைமாற்றும் கடைசி நாள், டிசம்பரில் குளிர்காலக் கூட்டம், இடையில் 162 ஆட்டங்கள், காயம்பட்டவர்களின் மருத்துவ அறிக்கைகள், வீரர்களின் முகவர்களோடு தொலைபேசிச் சண்டை. கைமாற்றும் கெடு இலங்கை நேரப்படி பெரும்பாலும் அதிகாலை மூன்றரைக்கு முடியும். மருமகன் அந்த நேரத்தில் எனக்கு அழைப்பதை அவனுடைய தாயே கண்டித்தும் பலனில்லை.

சொந்தமாகப் பேஸ்போல் ஆடியிருக்க வேண்டுமா?
— மாணவன், தெஹிவளை

ஒரு காலத்தில் வேண்டும் என்பார்கள். கிலிக் பந்தெறிபவராக இருந்து, பெரிய லீக்கைத் தொடாமலே நின்றவர். ஒக்லாண்ட் அணியின் பில்லி பீன் 1980இல் புதுமுகத் தெரிவின் முதற்சுற்றிலேயே தெரிவான வாலிபர். உடலமைப்பைப் பார்த்து எல்லாரும் மயங்கினார்கள். பெரிய லீக்கில் ஆடியது 148 ஆட்டங்கள் மட்டுமே. 1990இல் தானாகவே போய் ஸ்கவுட் வேலை கேட்டார். பார்வைக்கு வீரனாகத் தெரிகிறவன் எல்லாம் வீரனல்ல என்று தன்னைக் கொண்டே படித்தவர், 1997இல் பொது முகாமையாளரானதும் அழகைப் பார்க்காமல் இலக்கங்களைப் பார்த்து ஆள் எடுத்ததில் வியப்பில்லை.

பிறகு வந்தவர்கள் வேறு ரகம். பொஸ்டனின் தியோ எப்ஸ்டீன் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, வேலை பார்த்துக்கொண்டே சட்டமும் முடித்தவர். 28 வயதில் பொது முகாமையாளர். டொட்ஜர்ஸின் தலைமையில் இன்று இருக்கும் அன்ட்ரூ பிரீட்மன் வோல் ஸ்ட்ரீட்டிலிருந்து வந்தவர். நமக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம்: பாகிஸ்தானியப் பெற்றோருக்குக் கனடாவின் சட்பரியில் பிறந்து, பிலிப்பைன்ஸில் வளர்ந்த பர்ஹான் சைதி. பொருளியலில் கலாநிதிப் பட்டம். 2005இல் ஒக்லாண்டில் இலக்கம் பார்க்கும் ஆளாகச் சேர்ந்து, 2014 நவம்பரில் டொட்ஜர்ஸின் பொது முகாமையாளரானார். அவர் எந்தத் தொழில்முறை அணியிலும் துடுப்புப் பிடித்தவரல்லர்.

ஆகவே தம்பி, ஆடத் தெரியாது என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். படிக்கவும் பஞ்சி, ஆடவும் பஞ்சி என்றால்தான் வழியில்லை.

பெண்களுக்கு அங்கே இடமுண்டா?
— பல்கலைக்கழக மாணவி, பம்பலப்பிட்டி

இதுவரை ஒருவருக்குக் கிடைத்தது. கிம் இங். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர், அங்கே பேஸ்போலின் தங்கை விளையாட்டான சொஃப்ட்போல் ஆடியவர். 1990இல் சிக்காகோ வைட் சொக்ஸ் அணியில் பயிற்சி ஊழியராக நுழைந்தார். அவரை மேலே ஏற்றியது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எந்தப் பேட்டியிலும் மினுக்கிக் காட்டப்படாத ஒரு வேலை அது.

பெரிய லீக்கில் ஏறத்தாழ மூன்று வருடம் ஆடிய ஒருவருக்கு, சம்பளம் ஒத்துவராவிட்டால் நடுவர் மன்றத்துக்குப் போகும் உரிமை வருகிறது. அணி ஒரு தொகையை எழுதிக் கொடுக்கும். வீரர் ஒரு தொகையை எழுதிக் கொடுப்பார். நடுவர்கள் இரண்டிலொன்றைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் வெட்டிக் கொடுக்க அதிகாரமில்லை. ஆகவே இரு பக்கமும் பேராசை காட்டப் பயப்படும். வழக்கு நடக்கும் அறையில் வீரரும் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னாலேயே அணியின் ஆள் எழுந்து, இவர் நீங்கள் நினைப்பது போல் அவ்வளவு பெரிய ஆளல்ல என்று இலக்கம் இலக்கமாக நிறுவ வேண்டும். பெப்ரவரியில் அப்படிப் பேசிவிட்டு ஏப்ரலில் அதே ஆளிடம் எங்களுக்காக உயிரைக் கொடுத்து ஆடு என்று கேட்க வேண்டும். கல்யாண வீட்டில் சீதனம் பேசிய மாமனார்கள்கூட இவ்வளவு சங்கடப்பட்டிருக்க மாட்டார்கள்.

கிம் இங் வைட் சொக்ஸ் சார்பில் பந்தெறிபவர் அலெக்ஸ் பெர்னாண்டஸின் சம்பள வழக்கை வாதாடி வென்றார். அப்போது இருபதுகளில் இருந்தார். 1998இல் நியூயோர்க் யாங்கீஸின் துணைப் பொது முகாமையாளர்; அந்த வருடமும் அடுத்த இரு வருடமும் யாங்கீஸ் சம்பியன். பின்னர் டொட்ஜர்ஸில் அதே பதவி. 2003இல் பொது முகாமையாளர்களின் கூட்டமொன்றில் வேறோர் அணியின் அதிகாரி அவருடைய சீன வம்சாவளியைக் கேலி செய்து பேசினார். பேசியவரின் வேலை போனது. 2005இல் முதன்முறையாகப் பொது முகாமையாளர் பதவிக்கான நேர்முகத்துக்கு அழைத்தார்கள். இல்லை என்றார்கள். பிறகு வேறு வேறு அணிகள் அழைத்தன, வேறு வேறு சொற்களில் இல்லை என்றன. 2020 நவம்பரில் மியாமி மார்லின்ஸ் ஆம் என்றது. அந்தத் தீர்மானத்தில் இருந்தவர், யாங்கீஸில் அவர் காலத்தில் ஆடிய டெரெக் ஜீட்டர். வட அமெரிக்காவின் பெரிய ஆண்கள் லீக் எதிலும் அதற்கு முன் ஒரு பெண் அந்த நாற்காலியில் இருந்ததில்லை.

முதல் வாசகிக்கு நான் சொன்ன ரோஹாஸ் கைமாற்றில் மியாமி பக்கத்தில் இருந்தவர் இவர்தான். 2023இல் மார்லின்ஸ் 84 ஆட்டங்களை வென்று இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. சுருக்கி ஆடிய 2020 பருவத்தை விட்டால், இருபது வருடத்துக்குப் பின் அது நடந்தது. அந்த ஒக்டோபரிலேயே, அவருக்கு மேலே இன்னொருவரை நியமிக்க உரிமையாளர் நினைத்தார். கிம் இங் வெளியேறினார். அதைக் கோபம் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அது சரியான கணக்காகவே பட்டது. பொறுப்பு தனக்கும் அதிகாரம் இன்னொருவருக்கும் என்றால், உட்கார்ந்திருப்பது எதற்கு?

இப்போது அவர் அமெரிக்கப் பெண்களின் தொழில்முறை சொஃப்ட்போல் லீக் ஒன்றின் ஆணையாளர்.

சம்பளம் எவ்வளவு?
— வாசகர், கிராண்ட்பாஸ்

பெரும்பாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். வெளியே வந்த ஒன்று: 2002இல் பொஸ்டன் அணி பில்லி பீனுக்கு ஐந்து வருடத்துக்கு 12.5 மில்லியன் டொலர் தருவதாகச் சொன்னது. முதலில் சம்மதித்தவர், பிறகு வேண்டாம் என்று ஒக்லாண்டிலேயே இருந்துவிட்டார். அவருக்குப் பதிலாகத்தான் 28 வயது எப்ஸ்டீனைப் பொஸ்டன் நியமித்தது. அந்த வருடம் ஒக்லாண்டின் எல்லா வீரர்களுக்குமான சம்பளமே சுமார் 40 மில்லியன். யாங்கீஸ் அதைப்போல் மூன்று மடங்கு கொடுத்தது. இரண்டும் 103 ஆட்டங்களை வென்றன.

தொடக்கத்தில் கிடைப்பதையும் கேளுங்கள். வாசலில் நிற்கும் பயிற்சி ஊழியருக்கு அந்த நகரங்களில் அறை வாடகை கட்டுவதே பாடு. அவர் அறிக்கை எழுதிக் கொடுக்கும் வீரருக்கோ 2025 விதிப்படி ஆகக் குறைந்த சம்பளமே 760,000 டொலர்.

வென்று கொடுத்தவரையும் வீட்டுக்கு அனுப்புகிறார்களாமே?
— ஓய்வுபெற்ற அதிபர், இரத்மலானை

அனுப்புகிறார்கள் ஐயா. ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் 2022 நவம்பர் 5இல் உலகத் தொடரை வென்றது. ஒரு வாரம் முடிவதற்குள் பொது முகாமையாளர் ஜேம்ஸ் கிளிக் அங்கே இல்லை; ஒரு வருட ஒப்பந்தம் மட்டும் நீட்டினார்கள், அவர் ஏற்கவில்லை. அவருக்கு முன்பிருந்த ஜெவ் லூனோவின் கதை வேறு. 2017இல் வென்ற அவருடைய அணி, எந்தப் பந்தை எறிவது என்று எதிரணி தன் பந்தெறிபவருக்குக் காட்டும் சைகைகளைக் கமரா வைத்துத் திருடியது அம்பலமாகி, 2020 ஜனவரி 13இல் லீக் அவரை ஒரு வருடம் இடைநிறுத்தியது. உரிமையாளர் அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கினார். அந்த நீக்கத்தைப் பற்றி எனக்குக் கண்ணீர் இல்லை.

நான் சொன்ன சைதி சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் பேஸ்போல் பிரிவுத் தலைவராகி 2021இல் 107 வெற்றிகள் வாங்கிக் கொடுத்தார். 2024 செப்டெம்பர் 30இல் அவரை அனுப்பிவிட்டு, அந்த அணியின் பழைய நட்சத்திரம் பஸ்டர் போசியை அவருடைய இடத்தில் அமர்த்தினார்கள். இலக்கக்காரரை எடுத்துவிட்டு ஆட்டக்காரரை வைத்தார்கள். சில வருடத்தில் மறுபக்கமும் நடக்கும். பாடசாலை நிர்வாகத்தில் நீங்கள் பார்க்காததா?

தானாக எழுந்து போனவர்களும் உண்டு. எப்ஸ்டீன் 2004இல் ஊரே கொண்டாடிய நோமர் கார்சியாபாராவை ஜூலை 31இல் கைமாற்றி வசை வாங்கினார். மூன்று மாதத்தில் பொஸ்டன் 86 வருடத்துக்குப் பிறகு சம்பியன். அடுத்த வருடமே, மேலிடத்தோடு மனத்தாங்கலாகிப் பதவி விலகினார். வெளியே காத்திருந்த பத்திரிகைக்காரருக்குத் தப்ப, கொரில்லா வேடம் போட்டுக்கொண்டு மைதானத்தை விட்டுப் போனார். சில மாதத்தில் திரும்பி வந்து 2007இல் மறுபடி வென்று, பிறகு சிக்காகோ கப்ஸுக்குப் போய் 2016இல் அங்கிருந்த 108 வருட வரட்சியையும் தீர்த்தார்.

நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒழுங்கான மைதானம் இல்லை. அமெரிக்கப் பணக்கார விளையாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி என்ன பயன்?
— வாசகர், வத்தளை

மைதானம் பற்றிய கோபம் நியாயமானது. ஆனால் பேஸ்போல் நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. எல்லே ஆடிய கைக்குத் துடுப்பு பழகியதுதான். ஹோமாகமவுக்கு அருகே தியகமவில் ஜப்பானியரின் உதவியோடு அமைந்த பேஸ்போல் மைதானம் இருக்கிறது. 138 பஸ்ஸில் ஹோமாகம வரை போய், அங்கிருந்து விசாரித்துக்கொண்டு ஒருநாள் போய்ப் பாருங்கள்.

பயன் கேட்டீர்கள். புரூக்லின் டொட்ஜர்ஸின் தலைவராகவும் பொது முகாமையாளராகவும் இருந்தவர் பிரான்ச் ரிக்கி. கீழ்மட்ட அணிகளை நாற்றுமேடை போல் வளர்த்து அங்கிருந்து ஆள் எடுக்கும் முறையை, அதற்கு முன் செயின்ட் லூயிஸில் உருவாக்கியவரும் அவரே. அப்போது அறுபது வருடத்துக்கு மேலாகப் பெரிய லீக்கில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லை. சட்டத்தில் தடை எழுதப்படவில்லை. எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கேட்பதில்லை. 1945இல் ரிக்கி ஜக்கி ரொபின்சனை ஒப்பந்தம் செய்தார். 1947 ஏப்ரல் 15இல் ரொபின்சன் புரூக்லினுக்காகக் களமிறங்கினார். ரிக்கி புனிதரல்லர், நல்ல வீரரும் நுழைவுச்சீட்டு வருமானமும் அவர் கண்ணில் பட்டிருந்தன. கதவு என்னவோ திறந்தது. பெயரைப் பார்த்தும் ஊரைப் பார்த்தும் பட்டியலில் வெட்டப்படுவது எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள் நாம். பட்டியல் எழுதுகிற நாற்காலியில் யார் இருக்கிறார் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமா?

கொழும்பிலிருந்து அந்தத் துறைக்குள் நுழைய வழி உண்டா? நான் புள்ளிவிவரவியல் படிக்கிறேன். நேராகச் சொல்லுங்கள்.
— மாணவன், தெமட்டகொடை

நேராகப் பொது முகாமையாளராக இங்கிருந்து போக வழியில்லை. அணியொன்றின் ஆய்வுப் பிரிவில் இளநிலை வேலைக்கு மனுப் போடுவதற்கு வழி உண்டு. பெரும்பாலும் அங்கே மேற்படிப்புக்குப் போய், அதன் பின் விசாவோடு மல்லுக்கட்டித்தான் அதைப் பிடிக்க வேண்டியிருக்கும். அதற்கிடையில் இங்கே கிரிக்கெட் அணிகளுக்குத் தரவு பார்ப்பவர்கள் தேவைப்படுகிறார்கள். லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணி நான்கு முறை வென்றதைச் சும்மா அதிர்ஷ்டம் என்று நினைக்கிறீரா? அங்கே கைபழகுவதில் குறைவில்லை.

தயாரிப்பு என்று கேட்டால்: கணினியில் பைத்தனும் தரவுத்தள மொழியும் கட்டாயம். ஸ்பானிய மொழி பலர் கவனியாத முதலீடு. பெரிய லீக் வீரர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள், அவர்களில் ஆகக் கூடியோர் டொமினிக்கன் குடியரசினர். பதினாறு வயதுப் பையனிடம் அவனுடைய மொழியில் பேசத் தெரிந்தவருக்கு ஓர் அணியில் எப்போதும் வேலை இருக்கும். தரவுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. 2015இலிருந்து 30 மைதானங்களிலும் ஒவ்வொரு பந்தின் வேகத்தையும், அடித்த பந்தின் கோணத்தையும் கருவிகள் அளக்கின்றன. அதில் பெரும்பகுதியை இணையத்தில் யாரும் இலவசமாக எடுக்கலாம்.

படிப்பதோடு நிற்காமல் ஒரு வேலை செய்யும். வரும் டிசம்பரில் ஐந்தாம் விதிப்படி எடுக்கக்கூடிய வீரர்களின் பெயர்கள் வெளியாகும். அதில் ஒருவரைத் தெரிவுசெய்து ஒரே ஒரு பக்கம் எழுதும்: ஏன் இவர், எந்த அணிக்கு, இவருக்கு இடம் கொடுக்க அந்த அணியின் 40 பேரில் யாரை நீக்குவீர், ஒரு பருவம் முழுவதும் இவரை எங்கே ஒளித்து வைப்பீர். நீக்கப்படுகிறவரின் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும். எல்லாரும் தடுமாறுவது அந்த வரியில்தான். திகதியிட்டுக் கையெழுத்து வையும். அடுத்த செப்டெம்பரில் எடுத்துப் பாரும், பிறகு மறுபடி எழுதும். வேலை கேட்டு எந்த அணிக்கு எழுதினாலும் சான்றிதழோடு அந்தப் பக்கங்களையும் வையும்.

ஒரு பிரதி தமிழில் எனக்கும் அனுப்பலாம். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவேன். வீரரைப் பற்றிய தீர்ப்பை டொரொண்டோவிலிருந்து மருமகன் சொல்வான். அவன் எப்படியும் அதிகாலை மூன்றரைக்கு விழித்துத்தான் இருக்கிறான்.